எட்டு மணிக்குத் தடுமாறும் ஜிபிஎஸ்

கேள்வி: மார்ச், செப்டம்பர் மாதங்களில் இரவு எட்டு மணிக்கு மேல் படகில் ஜிபிஎஸ் அடிக்கடி துண்டிக்கிறது. பகலில் சரியாக இருக்கிறது. கருவி பழுதா? (குளச்சல் வாசகர்)

பதில்: ஆன்டெனா வயரில் உப்பு ஏறியிருந்தால் பகலிலும் தொல்லை இருக்கும். நீங்கள் சொல்கிற நேரத்தையும் மாதத்தையும் பார்த்தால் காரணம் அயனி மண்டலம்தான், அதாவது வானில் உயரே மின்னூட்டத் துகள்கள் நிறைந்த அடுக்கு.

குமரி மாவட்டம் புவியின் காந்த நடுக்கோட்டுக்கு (காந்த ஊசி மேலும் கீழும் சாயாமல் கிடையாக நிற்கும் கோடு) மிக அருகில் உள்ளது. 1963இல் முதல் ராக்கெட்டை ஏவ, திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததும் இதனால்தான். பொழுது சாய்ந்ததும் இங்கே அயனி அடுக்கு சட்டென மேலெழும்பும். அதன் அடிப்பக்கம் வேகமாக மெலியும். எண்ணெய்க்கு மேல் தண்ணீர் நிற்பதுபோல அந்த அமைப்பு நிலைக்காது. மெலிந்த பகுதி குமிழிகளாக மேலே கிளம்பும். அவற்றைக் கடந்து வரும் சிக்னல், விண்மீன்போல மினுக்கும். ரிசீவர் பிடியை விடும். சூரியப் புள்ளிகள் மிகுந்த ஆண்டுகளில் இது கடுமையாகும். ஆனால் காந்தப் புயல் (சூரியனால் புவியின் காந்தப்புலம் கலங்குவது) சில நாட்களில் குமிழிகளையே அடக்கிவிடுவதும் உண்டு!

சிக்னல் போனதும் கருவியை அணைத்துப் போடாதீர்கள்; செயற்கைக்கோள்களை மறுபடி தேட நேரம் பிடிக்கும். குமிழிகள் கிழக்கே நகர்பவை, காத்திருங்கள். அந்தி சாயுமுன் இடத்தையும் திசைகாட்டிக் கோணத்தையும் குறித்துவையுங்கள். புதிது வாங்கினால் ஜிபிஎஸ் போன்ற ரஷ்யாவின் க்ளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ செயற்கைக்கோள்களையும் பிடிப்பதாகப் பாருங்கள். ஜிபிஎஸ்ஸின் புதிய எல்5 அலைவரிசை இருந்தால் மினுக்கம் தீரும் என்பது தவறு. அதில் மினுக்கம் இன்னும் அதிகம்.