ஒரே வீரரை இரண்டு கழகங்களுக்குப் பேசிவிட்டார்கள்: யாரிடம் எதைக் கேட்கலாம்?

கேள்வி: விசுவமடுப் பக்கம் ஒரு உதைபந்தாட்டக் கழகத்தின் செயலாளர் நான். அயல் கிராமத்துக் கழகத்தில் கெட்டிக்கார முன்கள வீரர் ஒருவர் இருக்கிறார், வயது 19. ஒரு இலட்சம் ரூபாவும் எங்கள் கோல் காப்பாளரும் தந்தால் அவரை விடுவதாக அந்தக் கழகத் தலைவர் சொன்னார். ஒப்புக்கொண்டோம். முற்பணம் 60,000 ரூபாவைத் தலைவரின் சொந்த வங்கிக் கணக்கில் போட்டோம். கோல் காப்பாளரையும் அனுப்பிவிட்டோம். "பொடியன் இனி உங்கட ஆள்" என்று தலைவரின் குரல்பதிவு வாட்ஸ்அப்பில் வந்தது. சுற்றுப்போட்டி தொடங்கிய அன்று பொடியன் வேறொரு கழகத்தின் ஜேர்சியோடு மைதானத்தில் நிற்கிறார்! அவர்கள் பிறகு வந்து கூடக் கொடுத்தார்களாம். எழுத்தில் ஒன்றும் இல்லையே என்கிறார் தலைவர். கனடாவில் இருந்து எங்களுக்கு உதவும் அண்ணர் ஒருவர், ஐஸ் ஹொக்கியில் லின்ட்ரோஸ் விஷயத்தில் முதலில் பேசிய அணிக்குத்தான் ஆள் கிடைத்தது, வழக்குப் போடுங்கள் என்கிறார். பொடியனை நீதிமன்றம் மூலம் எடுக்கலாமா?

பதில்: பொடியனை எடுக்க முடியாது. காசை எடுக்கலாம்.

அண்ணர் சொன்னது உண்மைதான், ஆனால் பாதிக் கதை. 1991 இல் வட அமெரிக்க ஐஸ் ஹொக்கி லீக்கின் இளம் வீரர் தெரிவில் கனடாவின் கியூபெக் அணி எரிக் லின்ட்ரோஸ் என்ற வீரரைத் தெரிவு செய்தது. அவர் அந்த அணிக்கு ஆட மாட்டேன் என்று நின்றுவிட்டார். 1992 ஜூனில் கியூபெக் அவரைப் பிலடெல்பியா அணிக்குக் கொடுப்பதாகப் பேசி, உடனேயே நியூயோர்க் அணிக்கும் பேசியது. பிணக்கு லாரி பெர்டூசி என்ற நடுவரிடம் போனது. முதலில் வாய்ப்பேச்சாக முடிந்த பேரமே செல்லும் என்று ஜூன் 30 இல் அவர் பிலடெல்பியாவுக்குத் தீர்ப்புச் சொன்னார். லின்ட்ரோஸுடன் பேசுவதற்குக் கியூபெக்கே பிலடெல்பியாவுக்கு வழிவிட்டிருந்ததும் அதற்கு ஒரு காரணம். கைமாறாகப் பல வீரர்களும் 15 மில்லியன் டொலரும் கியூபெக்குக்குப் போயின.

அங்கே மூன்று அணிகளும் ஒரே லீக்கின் விதிகளுக்குக் கட்டுப்பட்டவை, நடுவர் சொன்னால் கேட்டாக வேண்டும். அதைவிட முக்கியம், லின்ட்ரோஸுக்குப் பிலடெல்பியா போக விருப்பம் இருந்தது. விருப்பம் இல்லாத கியூபெக்குக்கு ஆட வைக்க ஒருவராலும் முடியவில்லை.

உங்கள் கடிதத்தில் தலைவர் சொன்னது, அண்ணர் சொன்னது எல்லாம் இருக்கிறது. பொடியன் என்ன சொன்னார் என்று ஒரு வரிகூட இல்லை. அவரை யாராவது கேட்டீர்களா? இலங்கையில் 18 வயது முடிந்தால் ஆள் தன் முடிவுக்குத் தானே சொந்தக்காரர். அவர் கையெழுத்துப் போட்டிருந்தால்கூட, விருப்பமில்லாதவரைக் களத்தில் இறக்கு என்று நீதிமன்றம் கட்டளை இடாது. உதைபந்தாட்ட உலகச் சம்மேளனமான ஃபிஃபாவின் விதிப்படி, எழுத்தில் ஒப்பந்தமும் செலவுக்கு மேலான ஊதியமும் உள்ளவர்தான் தொழில்முறை வீரர். உங்கள் பொடியன் அமெச்சூர். அப்படியென்றால் அந்தத் தலைவரிடம் விற்பதற்கு என்ன இருந்தது? லீக்கில் வேறு கழகத்துக்குப் பதிய விடும் விடுவிப்புக் கடிதம் ஒன்றுதான். நீங்கள் வாங்கியதும் அந்தக் கடிதத்துக்கான வாக்குறுதியைத்தான், ஆளை அல்ல.

சரி, அந்த வாக்குறுதிக்கு எழுத்து வேண்டுமா? வேண்டாம். எங்கள் ஒப்பந்தச் சட்டத்தின் அடித்தளம் உரோமன் டச்சுச் சட்டம். காணி உறுதி போன்ற சிலவற்றுக்குத்தான் எழுத்து கட்டாயம், இப்படியான பேச்சு வாயால் நடந்தாலும் ஒப்பந்தமே. தலைவர் "எழுத்தில் இல்லையே" என்பதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஆனால் காலம் ஓடும். 1871 ஆம் ஆண்டின் காலவதிக் கட்டளைச் சட்டப்படி வாய்மொழி ஒப்பந்தத்துக்கு வழக்குப் போட மூன்று வருடம்தான்.

குரல்பதிவை அழித்துவிடாதீர்கள். வேறு ஒருவருக்கு அனுப்பி வைத்தால் போதும் என்று நினைக்கவும் வேண்டாம். அது வந்த கைபேசியையே அப்படியே வைத்திருங்கள். மின்னணுச் செய்தி என்ற காரணத்துக்காக மட்டும் அதை ஒதுக்க முடியாது, 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. வங்கிச் சிட்டையை இன்றே பிரதி எடுங்கள், அந்த மை சீக்கிரம் மங்கிவிடும்.

காசு தலைவரின் சொந்தக் கணக்கில் விழுந்தது உங்களுக்கு நல்லது. பதிவு பெற்றுச் சட்ட ஆளுமை அடையாத கழகம் தன் பெயரில் வழக்காடவும் முடியாது, அதன் மேல் வழக்குப் போடவும் சிரமம். கழகத்துக்காக என்று தலைவர் சொன்னாலும் பணம் வாங்கிய கை அவருடையது. உங்கள் பக்கத்தில் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 16 ஆம் பிரிவின் கீழ், நீதிமன்ற அனுமதியோடு ஒருவர் இருவர் அங்கத்தவர் எல்லோருக்குமாக வழக்கிடலாம்.

பொலிசுக்குப் போகலாமா என்றும் கேட்பீர்கள். காசு வாங்கும்போதே மற்றக் கழகத்துக்குப் பேசி வைத்திருந்தால் அது ஏமாற்று. மற்றவர்கள் பிறகு வந்தார்கள் என்று நீங்களே எழுதியிருப்பதால் இது வாக்குமீறல் மட்டுமே. மூன்றாவது கழகத்தை விட்டுவிடுங்கள், உங்கள் பேச்சு அவர்களுக்குத் தெரியும் என்று நிரூபிப்பது பெரும்பாடு. கோப்பை போனதற்கு நட்டஈடும் கிடைக்காது. அந்தப் பொடியன் ஆடியிருந்தால் வென்றிருப்போம் என்பதை எந்த நீதிபதியும் ஏற்க மாட்டார்.

முதலில் பதிவுத் தபாலில் 14 நாள் தவணை கொடுத்துக் கோரிக்கைக் கடிதம் அனுப்புங்கள். பதில் இல்லாவிட்டால், பிணக்குகளைப் பேசி இணக்கி வைக்கும் மத்தியஸ்த சபை. 60,000 ரூபாப் பிணக்கை அங்கே கொண்டு போகாமல் நேரே நீதிமன்றம் ஏற்காது. அங்கே சட்டத்தரணிகள் ஆஜராக முடியாது, நீங்களே பேச வேண்டும். இணக்கம் வராவிட்டால் சான்றிதழ் தருவார்கள், அதோடு நீதிமன்றம் போகலாம். கட்டணத்துக்கு வசதியில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவை அணுகுங்கள்.

கோல் காப்பாளரையும் மறக்க வேண்டாம். அவரும் சுதந்திரமான ஆள்தான், திரும்பி வர அவருக்கு விருப்பமா என்று முதலில் கேளுங்கள். விருப்பம் என்றால் சபைக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். காசோடு அவருடைய விடுவிப்புக் கடிதத்துக்கும் தேதி குறித்து, இணக்கப் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.