அழுவதற்கு முன்பே குழந்தை சொல்லிவிடுகிறது

கேள்வி: என் மகன் பிறந்து 19 நாட்கள் ஆகின்றன. அவன் அழும்போதெல்லாம் பசி என்று நினைத்துப் பால் கொடுக்கிறேன். சில நேரம் குடிக்கிறான். சில நேரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இன்னும் பெரிதாக அழுகிறான். அழுகைச் சத்தத்தைக் கேட்டுக் காரணம் சொல்லும் செயலி ஒன்றைக் கணவர் போனில் போட்டு வைத்திருக்கிறார். அது ஒரு முறை பசி என்கிறது, அடுத்த நிமிடமே தூக்கம் என்கிறது. ஒவ்வொரு அழுகைக்கும் ஒரு அர்த்தம் உண்டாமே, அதை எப்படிக் கற்றுக்கொள்வது?

பதில்: முதலில் அந்தச் செயலியை நீக்கிவிடுங்கள். பசிக்கு ஒரு ராகம், தூக்கத்துக்கு ஒரு ராகம் என்று குழந்தைகள் பிரித்து அழுவதில்லை. சத்தத்தை மட்டும் கேட்டுக் காரணம் சொல்வது பெற்ற தாய்க்கே கடினம். குழந்தைக்கு எவ்வளவு அவஸ்தை என்பது அழுகையில் தெரியும். எதனால் என்பது பெரும்பாலும் தெரியாது. வலி மட்டும் ஓரளவு விதிவிலக்கு. ஊசி போடும்போது பார்த்திருப்பீர்கள்: திடீரென்று உச்சத்தில் தொடங்கும், மூச்சே நின்றதுபோல ஒரு இடைவெளி வரும், மறுபடி வீறிடும். குழந்தைகளோடு பழகியவர்களின் காது அதைப் பிடித்துக்கொள்கிறது.

எனவே இந்த விஷயத்தில் காதைவிடக் கண்தான் உதவும். பசியையே எடுத்துக்கொள்வோம். தூக்கத்திலிருந்து லேசாக நெளிவான். வாயைத் திறந்து மூடுவான், நாக்கை நீட்டுவான், தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் தேடுவான். அப்போது கவனிக்கவில்லை என்றால் கையை வாய்க்குக் கொண்டுபோவான், உடம்பை முறுக்குவான். அதையும் யாரும் பார்க்காமல் விட்டால்தான் முகம் சிவந்து அழுகை வரும். பசியின் அடையாளங்களில் அழுகை கடைசியில் வருவது.

உங்கள் மகன் முகத்தைத் திருப்பிக்கொள்வதற்கு ஒரு காரணம் இங்கேயே இருக்கலாம். உண்மையிலேயே பசிதான், ஆனால் அழுது அழுது களைத்துப்போன குழந்தையால் மார்பைச் சரியாகக் கவ்விச் சப்ப முடியாது. அந்த நேரத்தில் திரும்பத் திரும்ப வாயில் வைத்தால் கோபம்தான் அதிகமாகும். நெஞ்சோடு அணைத்து, முடிந்தால் தோலோடு தோல் படும்படி வைத்து, அழுகை தணிந்த பிறகு கொடுத்துப் பாருங்கள். இந்த வயதில் 24 மணி நேரத்துக்கு 8 முதல் 12 முறை பால் குடிப்பது இயல்பு. சில மாலைகளில் மணிக்கு ஒரு முறை கேட்பதும் உண்டு. அதனால் கடிகாரத்தைப் பார்த்து "இப்போதுதானே குடித்தான்" என்று தள்ளிப்போட வேண்டாம். அதே நேரம், கன்னத்தில் விரல் பட்டதும் அந்தப் பக்கம் திரும்பி வாய் திறப்பதை வைத்து மட்டும் பசி என்று முடிவு கட்டவும் வேண்டாம். அது பிறவியிலேயே வரும் அனிச்சைச் செயல், துணி உரசினாலும் நடக்கும். பசியில் இறுக்கி மூடியிருந்த கைகள் வயிறு நிறைய நிறையத் தளர்ந்து விரல்கள் விரிவதைக் கவனியுங்கள். போதும் என்று அவன் சொல்லும் விதம் அது.

இன்னொரு காரணம், அவனுக்குப் பசியே இல்லாமல் இருப்பது. பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரம்தான் ஓரளவு தெளிவாகத் தெரியும். மடியில் இருக்கும்போது உங்கள் முகம் கிட்டத்தட்ட அந்தத் தூரத்தில்தான் இருக்கிறது. அதை ஆசையாகப் பார்ப்பான். கொஞ்ச நேரத்தில் பார்வையை வேறு பக்கம் திருப்புவான், கொட்டாவி விடுவான், விரல்களை விரித்துக் கைகால்களை வெட்டி வெட்டி அசைப்பான். "என்னைப் பிடிக்கவில்லை போல" என்று தாய்மார்கள் வருந்துவது இந்த இடத்தில்தான். விஷயம் வேறு, பார்த்ததும் கேட்டதும் அவனுக்குப் போதுமென்று ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்தவர்கள் ஆளுக்கு ஆள் வாங்கிக் கொஞ்சிய நாளின் இரவில் அழுகை அதிகமாக இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். விளக்கைக் குறைத்து, பேச்சைக் குறைத்து, சும்மா பிடித்துக்கொண்டிருங்கள்.

இரவில் கேட்கும் முனகல்களையெல்லாம் அழைப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த வயதுக் குழந்தையின் தூக்கத்தில் ஏறக்குறைய பாதி, கனவுத் தூக்கம் போன்ற ஒரு நிலை. மூடிய இமைக்குள் கண்மணி ஓடும், முகம் சுளிக்கும், ஒரு சிணுங்கல்கூட வரும். குழந்தை தூங்கிக்கொண்டுதான் இருக்கும். உடனே தூக்கினால் நாமே எழுப்பிவிட்ட மாதிரி. சில நொடிகள் பொறுத்து, கண் திறந்து தேடுகிறானா என்று பார்த்துவிட்டுத் தூக்குங்கள்.

அப்புறம், கண்ணீர் வராததால் "சும்மா அழுகிறான்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முதல் சில வாரங்களில் அழும்போது கண்ணீர் வழியாது, அவ்வளவுதான். தூக்கித் தூக்கிக் கெடுத்துவிடுவாய் என்ற எச்சரிக்கையும் இந்த வயதுக்குப் பொருந்தாது.

பால் குடித்து, ஏப்பம் விட்டு, துணி மாற்றி, தூக்கியும் வைத்தாயிற்று. இன்னும் அழுகிறான் என்றால்? அப்படியும் நடக்கும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெர்ரி பிரேசல்டன், தாய்மார்கள் எழுதிவைத்த குறிப்புகளைக் கொண்டு 80 குழந்தைகளின் அழுகையை ஆராய்ந்து 1962-இல் வெளியிட்டார். நலமாக இருந்த அந்தக் குழந்தைகள் 6 வார வயதில் நாளுக்கு ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம் அழுதன, அதுவும் மாலையில் அதிகமாக. அதன் பிறகு அழுகை குறைந்தது. ஆகவே வரும் வாரங்களில் அழுகை கூடினால் உங்கள் வளர்ப்பில் கோளாறு என்று நினைக்காதீர்கள். உங்களால் தாங்க முடியவில்லை என்றால் தொட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டுச் சில நிமிடங்கள் அடுத்த அறைக்குப் போய்விடுங்கள். எந்த நிலையிலும் குழந்தையைப் பிடித்துக் குலுக்கக் கூடாது. மூளைக்குள் ரத்தக் கசிவு ஏற்படலாம்.

சில நேரங்களில் அழுகையைவிட மௌனம்தான் ஆபத்து. எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடப்பது, பால் குடிக்கவே மறுப்பது, உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் போவது, உடம்பு சில்லிட்டுப் போவது, நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு வாங்குவது, மூச்சு இழுக்கும்போது மார்பு உள்ளே குழிவது, உதடு நீலமாவது, பச்சையாக வாந்தி, வழக்கத்துக்கு மாறான கீச்சென்ற அல்லது மிகப் பலவீனமான அழுகை: இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். காலை வரை காத்திருக்க வேண்டாம். நாளுக்கு 6 முறையாவது சிறுநீர் போகிறானா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். குறைந்தால் பால் போதுமான அளவு இறங்கவில்லையோ என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

கணவருக்கு ஒரு வேலை சொல்கிறேன். மூன்று நாட்களுக்கு, ஒவ்வொரு அழுகைக்கும் முந்தைய ஐந்து நிமிடம் அவன் என்ன செய்துகொண்டிருந்தான், எதைச் செய்ததும் அழுகை நின்றது என்று அதே போனில் இரண்டு வரி எழுதி வைக்கட்டும். நீங்கள் தூங்கும்போது கவனிப்பதும் அவர் பொறுப்பு. நான்காம் நாள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து அதைப் படித்துப் பாருங்கள்.