குவாத்தமாலா மலைப்பயணம்: எரிமலை ஏற்றம் இறுதியில் இருக்கட்டும்

வணக்கம். அக்டோபர் இறுதியில் குவாத்தமாலாவில் இறங்கி, மறுநாளே அக்காத்தெனாங்கோ எரிமலையில் ஏறிவிட்டு, பிறகு அதித்லான் ஏரிக்குச் செல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். அந்த வரிசையை மாற்றும்படி வலியுறுத்துகிறேன். அதன் உச்சி 3,976 மீட்டர் உயரத்தில் இருப்பதால், உடல் பழக அவகாசம் தராமல் ஏறினால் தலைவலியும் குமட்டலும் வந்து, பக்கத்து ஃபுவேகோ எரிமலை இரவில் நெருப்பை உமிழும் அரிய காட்சியைக்கூட நிம்மதியாகப் பார்க்க முடியாமல் போகலாம்.

முதலில், ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஆன்டிகுவா நகரில் தங்குங்கள். நவம்பர் 1 அன்று அருகிலுள்ள சும்பாங்கோவில் நடைபெறும் மாபெரும் காகிதப் பட்டங்களின் திருவிழாவைத் தவறவிடாதீர்கள். உங்கள் தேதிகள் அதற்கு வாய்ப்பாக அமைந்திருப்பது உண்மையிலேயே பேறு. அடுத்து ஏரிக்கரை ஊர்களைப் படகிலும் நடந்தும் பாருங்கள்; நடைபாதைகளில் வழிப்பறி நடந்ததுண்டு என்பதால் உள்ளூர் வழிகாட்டி அவசியம். வியாழன் அல்லது ஞாயிறன்று கூடும் சிச்சிகாஸ்தெனாங்கோ சந்தைக்குச் சென்றால், சாந்தோ தோமாஸ் தேவாலயப் படிகளில் கிச்சே மாயா பழங்குடி மக்கள் நறுமணப் பிசின் புகைத்து வழிபடுவதைக் காணலாம். அவர்களை அனுமதியின்றிப் படமெடுக்க வேண்டாம்.

எரிமலை ஏற்றத்தைக் கடைசியில் வையுங்கள். மலையில் இரவு தங்கும் முகாமில் குளிர் உறைநிலையை நெருங்கும். ஃபுவேகோ 2018 ஜூனில் வெடித்துப் பல உயிர்களைப் பறித்தது; ஆகவே புறப்படும் முன் எரிமலைக் கண்காணிப்பு நிறுவனமான இன்சிவுமேயின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.