பொரி ஏன் நமுத்துப் போச்சு? ஒரு கடிதம்

அக்காவுக்கு வணக்கம்,

நான் புதுவண்ணாரப்பேட்டைல இருக்கேன், சாயங்காலம் வீட்டுலயே 20 பசங்களுக்கு டியூஷன் எடுக்கறேன். பரீட்சை முடியற அன்னிக்கு என் கையால ஏதாச்சும் செஞ்சு குடுக்கணும்னு ஆசை. எங்கள மாதிரி ஓவன் இல்லாத வீட்டுக்குனு ஒரு வீடியோ வந்துச்சு, பொரி, கார்ன் ஃப்ளேக்ஸ், வேர்க்கடலை எல்லாத்தயும் கொட்டி உருக்கின சாக்லேட்ட ஊத்தி கிளறி மேல சர்க்கரை பொடி போட்டா வேலை முடிஞ்சுது. சாக்லேட் ரொம்ப கெட்டியா இருக்கேனு ரெண்டு ஸ்பூன் பால் விட்டேன்கா, உடனே திரிஞ்ச மாதிரி கட்டி கட்டியா ஆயிடுச்சு, இன்னும் கொஞ்சம் பால் விட்டதும் இளகிடுச்சு, அப்டியே கலந்து சூட்டோட டப்பால போட்டு ஃப்ரிட்ஜ்ல வச்சிட்டேன். மறுநாள் எடுத்து வச்சா பொரி ரப்பர் மாதிரி இழுக்குது, சர்க்கரை கரைஞ்சு கையெல்லாம் பிசுபிசுனு ஒட்டுது. பசங்க "சூப்பர் மிஸ்"னு சொல்லிட்டு பாதிய அப்டியே வச்சிட்டு போயிட்டாங்க. எங்க நாத்தனார் "இதுக்கு நாலு பிஸ்கட் பாக்கெட் வாங்கி குடுத்திருக்கலாமே"ன்னாங்க, அதுதான் மனச விட்டு போக மாட்டேங்குது. எங்கக்கா தப்பு பண்ணேன்? திரும்ப பண்ணலாமா, இல்ல விட்டுடவா?

இப்படிக்கு,
பேர் போட வேணாம்னு கேட்டுக்கற ஒரு வாசகி

-

தங்கச்சிக்கு,

விட்டுடாத. திரும்ப பண்ணு, அதே 20 பசங்களுக்கே பண்ணு. நாத்தனார் சொன்னத நான் லேசா எடுத்துக்கல, 20 பேருக்கு நின்னு செஞ்சவளுக்கு அந்த வார்த்தை எவ்ளோ வலிக்கும்னு தெரியும், ஆனா பிஸ்கட் பாக்கெட்ட பிரிச்சு குடுக்கறதும் மிஸ் நமக்காக ராத்திரி உக்காந்து செஞ்சாங்கன்றதும் அந்த பசங்களுக்கு ஒண்ணு கிடையாது.

உன் கடிதத்த ரெண்டு வாட்டி படிச்சேன், மூணு எடத்துல தண்ணி உள்ள வந்திருக்கு. மத்ததெல்லாம் நீ சரியாதான் பண்ணியிருக்க.

மொதல்ல அந்த பால். சாக்லேட்டுன்றது கொழுப்புல சர்க்கரையும் கோகோ தூளும் மெதக்கற சமாசாரம், அதுல தண்ணி ஏறக்குறைய கிடையாது, அதுல ஒரு ஸ்பூன் தண்ணியோ பாலோ விழுந்தா அந்த சர்க்கரை துகளெல்லாம் நனைஞ்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், நீ பாத்த கட்டி அதுதான். இன்னும் பால் விட்டா இளகும், உண்மைதான், ஆனா அது இப்ப சாக்லேட் சாஸ், ஐஸ்க்ரீம் மேல ஊத்திக்கலாம், பொரி மேல ஊத்தினா அந்த பால்ல இருக்கற தண்ணிய பொரி குடிச்சிடும். கெட்டியா இருந்தா தேங்காய் எண்ணெய் ரெண்டு ஸ்பூன் விடு, அது போதும். டபுள் பாய்லிங், அதாவது கொதிக்கற தண்ணி பாத்திரத்து மேல கிண்ணம் வச்சு சாக்லேட்ட உருக்கறது, அத பண்றப்ப மேல இருக்கற கிண்ணத்தோட அடி கீழ கொதிக்கற தண்ணிய தொடக்கூடாது, கிண்ணத்த எறக்கினதும் அடிய துணியால துடைச்சிட்டு அப்புறம் சாய்க்கணும், அந்த அடியில சொட்டற நாலு சொட்டு தண்ணி போதும் எல்லாத்தயும் கெடுக்க.

ரெண்டாவது ஃப்ரிட்ஜ். சூட்டோட டப்பால அடைச்சா ஆவி உள்ளயே நின்னு மூடியில வேத்து திரும்ப பொரி மேலயே விழும். அதோட மறுநாள் ஜில்லுனு இருக்கறத நம்ம ஊர் காத்துல தொறந்தா என்ன ஆகும், ஃப்ரிட்ஜ்லேர்ந்து எடுத்த தண்ணி பாட்டில் வெளிய வேக்குது பாரு, அதே மாதிரி ஒவ்வொரு பொரி மேலயும் வேத்துடும், மேல இருக்கற சர்க்கரை அதுல கரைஞ்சு பிசுபிசுனு ஆயிடும். ஃப்ரிட்ஜே வேணாம், அப்டி வச்சே ஆகணும்னா நல்லா ஆறினப்புறம் காத்து போகாத டப்பால வை, வெளிய எடுத்தா டப்பா மேல வேத்த தண்ணி முழுசா காயற வரைக்கும் மூடிய தொறக்காத.

மூணாவதுதான் பெருசு, நம்ம காத்துல இருக்கற ஈரம், அது வீடியோ போட்டவங்களுக்கு தெரிய வாய்ப்பில்ல, ஏன்னா அவங்க நம்ம கடலோரத்துல உக்காந்துகினு பண்ணல. நமக்கு காசிமேடு, திருவொத்தியூர், எண்ணூர்னு பக்கத்துலயே கடல், பொரிய பாக்கெட்ட பிரிச்சு அரை மணி நேரம் வச்சாலே அதோட மொறுமொறுப்பு எறங்க ஆரம்பிக்கும். கடையில மூட்டைலேர்ந்து அளந்து குடுக்கற பொரி நம்ம கைக்கு வரப்பவே பாதி ஈரம் வாங்கியிருக்கும். ஓவன்ல பேக் பண்ண வேணாம்ன்றத அடுப்பே வேணாம்னு எடுத்துக்கறாங்க, எனக்கு அதுதான் பெரிய ஆதங்கம். வறுக்கணும்மா. வெறும் கடாய்ல சின்ன தீயில பொரிய நாலஞ்சு நிமிஷம் கையெடுக்காம கிளறு, ஒரு பொரிய எடுத்து ரெண்டு விரலால நசுக்கினா தூளாகணும், அமுங்கினா இன்னும் ஈரம் இருக்குனு அர்த்தம். கார்ன் ஃப்ளேக்ஸுக்கு ரெண்டு நிமிஷம் போதும், பொட்டுக்கடலைக்கும் சூடு ஏறினா போதும். வேர்க்கடலைய மட்டும் நெதானமா வறுத்து தோல தேச்சு ஊதிட்டு ஒரு சிட்டிகை உப்பு போட்டு வை, அந்த உப்புதான் இனிப்ப திகட்டாம வைக்கும். எல்லாத்தயும் தட்டுல பரப்பி முழுசா ஆறவிடு, கை வச்சா சூடே தெரியக்கூடாது.

எங்கப்பாவுக்கு வியாசர்பாடில ஒரு சின்ன லேத் பட்டறை இருந்துச்சு. ஆயுத பூஜை அன்னிக்கு மெஷினெல்லாம் தொடச்சு சந்தனம் குங்குமம் வச்சிட்டு பொரி பொட்டலம் போடறது என் வேலையும் தம்பி வேலையும். பொரியும் பொட்டுக்கடலையும் காலையிலயே கலந்து பெரிய டின்ல மூடி வச்சிடுவாரு, வெல்லத்தயும் தேங்காய் பல்லயும் தொடவிட மாட்டாரு, பூஜை முடிஞ்சு ஆளுங்க வாசல்ல வந்து நின்னப்புறம்தான் "இப்ப போடு"ன்னு சொல்லுவாரு. அப்ப எனக்கு கோவமா வரும், ஒரே வாட்டியா கலந்து வச்சா வேலை முடிஞ்சுதேனு. அது மழை வர காலம், வெல்லம் காத்துலேர்ந்து ஈரத்த இழுத்து தானே கசியும், தேங்காய் சொல்லவே வேணாம். காஞ்சத காஞ்சதோட வை, ஈரமானத கடைசில சேருன்றத அவர் சொல்லி தரல, செஞ்சு காட்டினாரு. ஓவன் இல்லாம பத்து பேருக்கு பங்கு போடற இனிப்பு மிக்ஸ் நம்ம பட்டறையிலயும் ஆட்டோ ஸ்டாண்டுலயும் வருஷா வருஷம் பண்ணிகினுதான் இருக்கோம், நீ பண்ணது அதோட தொடர்ச்சிதான்.

அளவு கேக்கல, ஆனாலும் சொல்றேன். பொரி 100 கிராம், கார்ன் ஃப்ளேக்ஸ் 150, பொட்டுக்கடலை 100, தோல் எடுத்த வேர்க்கடலை 150, சாக்லேட் 400, சர்க்கரை பொடி 150. கிட்டத்தட்ட ஒரு கிலோ வரும், 20 பசங்களுக்கு தலைக்கு 50 கிராம். சாக்லேட்ல டார்க் காம்பவுண்டுனு பாளமா விக்கறாங்க பாரு, அத வாங்கு. ருசி நல்ல சாக்லேட்டுக்குதான், ஒத்துக்கறேன், ஆனா அதுல இருக்கற கோகோ பட்டர் 34 டிகிரி கிட்டயே உருகிடும், நம்ம ஊர் வெயில்ல பசங்க கையில போறதுக்குள்ள வழிஞ்சிடும். காம்பவுண்டுல வேற தாவர கொழுப்பு போடறாங்க, நம்ம ஊருக்கு கொஞ்சம் தாங்கும். கடலையும் பொரியும் மொத்தமா வாங்கணும்னா மண்ணடி மெட்ரோல எறங்கி கொத்தவால் சாவடி பக்கம் நடந்து போ, காய்கறி மார்க்கெட்தான் 1996ல கோயம்பேட்டுக்கு போச்சு, மளிகை வியாபாரம் இன்னும் அங்க நடக்குது.

சாக்லேட் உருகினதும் அஞ்சு நிமிஷம் ஆறவிட்டு கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி அடிலேர்ந்து தூக்கி தூக்கி கிளறு, அழுத்தி கிளறினா கார்ன் ஃப்ளேக்ஸ் நொறுங்கிடும். சாக்லேட் ஒவ்வொண்ணு மேலயும் மெல்லிசா பூசினா அதுவே வெளி ஈரத்த கொஞ்சம் தடுக்கற சட்டை மாதிரி, அதனால கருப்பு படாத பொரி தெரிஞ்சா இன்னும் கிளறு. சர்க்கரை பொடி உடனே போடாத, தொட்டா ஒட்டணும் ஆனா விரல்ல வழியக்கூடாது, அந்த பதத்துல போட்டு மூடி போட்ட பெரிய பாத்திரத்துல குலுக்கு. மிக்ஸில நீயே அரைக்கறதா இருந்தா 100 கிராம் சர்க்கரைக்கு ஒரு டீஸ்பூன் சோள மாவு சேத்து அரை, கடையில வர ஐசிங் சுகர்ல அதுக்குதான் மாவு சேக்கறாங்க, ஈரத்த அது வாங்கிக்கும், சர்க்கரை கட்டி பிடிக்காது.

எந்த நாள்ல பண்றதுனு முடிவு பண்ண உன் வீட்டு உப்பு ஜாடிய பாரு. காத்துல ஈரப்பதம் கிட்டத்தட்ட 75 சதவீதத்த தாண்டினா உப்பு தானா தண்ணி விட ஆரம்பிக்கும். உப்பு கசியுதுன்னா அன்னிக்கு இத தொடாத, எள்ளுருண்டை பண்ணி குடு. உப்பு உதிரி உதிரியா இருந்தா வெயில் நல்லா ஏறினப்புறம் ஆரம்பி, காலைல ஈரம் ஜாஸ்தி இருக்கும். பசங்க சாயங்காலம் வரப்ப கைல குடுக்கற மாதிரி அன்னிக்கே பண்றது உத்தமம்.

பொட்டலம் கட்டறப்ப பழைய பேப்பர் வேணாம், அச்சு மை சாப்பாட்டுல ஏறும்னு உணவு பாதுகாப்பு ஆணையமே எச்சரிச்சிருக்கு, பட்டர் பேப்பர்ல கூம்பு சுத்து. இன்னொண்ணு, இத மறக்காத, வேர்க்கடலை ஒத்துக்காத புள்ளைங்க உண்டு, மொத நாளே ஒவ்வொரு அம்மாகிட்டயும் கேட்டுக்கோ. அப்டி ஒருத்தன் இருந்தா அவன் பங்க கடலை தொட்ட கரண்டி படாம வேற பாத்திரத்துல மொதல்ல கலந்து எடுத்து பேர் எழுதி தனியா வச்சிடு, பாக்கெட்டுங்க மேல எழுதியிருக்கறதயும் ஒரு வாட்டி படிச்சிக்கோ, சில சாக்லேட்டுல கடலை கலந்திருக்கலாம்னு போட்டிருப்பாங்க. தம்பி தங்கச்சிக்குனு பசங்க வீட்டுக்கு எடுத்துகினு போவாங்க, அஞ்சு வயசுக்கு கீழ இருக்கற கொழந்தைக்கு முழு கடலை தொண்டைல சிக்கும், அதயும் சொல்லி அனுப்பு.

செஞ்சதும் மறுபடி எழுது. நாத்தனாருக்கும் ஒரு பொட்டலம் எடுத்து வை.

அன்புடன்,
அக்கா