ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் கார் கிளம்பவில்லையா? கேள்வி பதில்

வாகன மின்வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். சாவியைத் திருகாமல் பட்டனை அழுத்தியே எடுக்கும் ஸ்மார்ட் கீ கார்கள் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். முதலில் ஒரு விஷயம்: டேஷ்போர்டில் ‘சாவி இல்லை’ என்று எழுத்து வந்ததும் எல்லாரும் சாவியைத்தான் சந்தேகப்படுகிறார்கள். பல சமயம் சாவி நன்றாகவே இருக்கும். தடுமாறுவது காரின் 12 வோல்ட் பேட்டரி.

கேள்வி: சாவி கையில் இருக்கிறது, ஆனால் ‘சாவி கண்டறியப்படவில்லை’ என்கிறது. அவசரமாகக் கிளம்ப வேண்டும். என்ன செய்வது?

பிரேக்கை மிதித்துக்கொண்டு, சாவியையே ஸ்டார்ட் பட்டன் மேல் ஒட்டவைத்து அழுத்துங்கள். சாவிக்குள் இருக்கும் செல் (வட்டமான சின்ன பேட்டரி) முழுவதும் தீர்ந்திருந்தாலும் இது வேலை செய்யும். உள்ளே தனியாக ஒரு சின்ன சிப் இருக்கிறது. அதற்கு செல் தேவையில்லை. பட்டனைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் அனுப்பும் அலையிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொண்டு தன் அடையாளத்தைச் சொல்லிவிடும். அதனால்தான் தொடும் தூரத்தில் இருக்க வேண்டும்.

எல்லா கார்களிலும் இடம் பட்டன்தான் என்று இல்லை. சிலவற்றில் கப் வைக்கும் குழி, சிலவற்றில் நடு கன்சோலில் ஒரு பொந்து, சிலவற்றில் ஸ்டியரிங் தண்டின் பக்கவாட்டில் ஒரு குறி. காரோடு வந்த கையேட்டில் இருக்கும். இன்றே பார்த்து வையுங்கள், நடுவழியில் தேடுவது கொடுமை.

கதவே திறக்கவில்லை என்றால், சாவி உறைக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியை உருவி எடுங்கள். துவாரம் கைப்பிடி மேல் உள்ள மூடிக்குள் மறைந்திருக்கலாம். திறந்ததும் அலாரம் அலறினால் பதற வேண்டாம், கார் சாவியை அடையாளம் கண்டதும் நின்றுவிடும்.

கேள்வி: அண்ணா, புது செல் போட்டும் அதே கதைதான். சாவியையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா?

கொஞ்சம் பொறுங்கள் தம்பி. முதலில் செல்லின் எண்ணைப் பாருங்கள். சிஆர்2032 என்றால் 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். 2025 என்றால் அதே விட்டம், ஆனால் 2.5 மில்லிமீட்டர்தான். அதையும் உள்ளே தள்ளிவிடலாம், ஆனால் தகடு சரியாகத் தொடாமல் ஒரு நாள் வேலை செய்யும், மறுநாள் செய்யாது. பிளஸ் பக்கம் மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். பொதுவாக செல் மாற்றியதும் சாவியைத் திரும்ப புரோகிராம் செய்யத் தேவையில்லை.

அடுத்து ஸ்பேர் சாவியை எடுத்து முயன்று பாருங்கள். செலவே இல்லாத சோதனை இது. அதுவும் கண்டறியப்படவில்லை என்றால் இரண்டு சாவியும் ஒரே நேரத்தில் கெட்டிருக்க வாய்ப்பு குறைவு, கோளாறு கார் பக்கம்தான்.

அப்புறம் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை காரின் பேட்டரியில் வையுங்கள். சில மணி நேரம் ஓடாமல் நின்ற காரில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போய்விட்டால் நம்ப முடியாது. ஸ்டார்ட் பட்டனை அழுத்தும் நொடியில் 9.6-க்குக் கீழே சரிந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது. அந்தச் சரிவில் சாவியைத் தேடும் ஆன்டெனாவும் கணினியும் ஒழுங்காக இயங்காது, அதனால்தான் ‘சாவி இல்லை’ என்று தவறாகக் காட்டும்.

என்னிடம் வந்த ஒரு காரில் சாவி செல்லை மூன்று முறை மாற்றியிருந்தார்கள். புது சாவிக்கும் ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. பானெட்டைத் திறந்தால் பேட்டரி மைனஸ் முனையில் வெள்ளையும் பச்சையுமாக உப்பு பூத்திருந்தது. கையால் அசைத்தால் கிளாம்ப் ஆடியது. கழற்றி, பிரஷ் போட்டுத் தேய்த்து, இறுக்கிக் கொடுத்தேன். அதோடு சரி. அந்த மனிதர் எத்தனை நாள் அலைந்திருப்பார் என்று நினைத்தால் இப்போதும் மனசு கஷ்டப்படுகிறது.

கேள்வி: விளக்கெல்லாம் எரிகிறது. அழுத்தினால் டக்டக்டக் என்று வேகமாக ஒரு சத்தம் மட்டும் வருகிறது.

பேட்டரி இறங்கிவிட்டது. நல்ல பேட்டரி உள்ள இன்னொரு காரிலிருந்து ஜம்பர் கேபிள் போடுங்கள். சிவப்பின் ஒரு முனை இறங்கிய பேட்டரியின் பிளஸ்ஸில், மறுமுனை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். கறுப்பின் ஒரு முனை நல்ல பேட்டரியின் மைனஸில், கடைசி முனை இறங்கிய காரின் எஞ்சின் இரும்பில். பேட்டரியில் வேண்டாம், தீப்பொறி பறந்தால் அங்கே ஆபத்து. வேகமான டக்டக் இல்லாமல் ஒரே ஒரு கனமான ‘டக்’ என்றால் செல்ஃப் மோட்டாரையும் எர்த் வயரையும் பார்க்க வேண்டும்.

கேள்வி: பேட்டரி புதிது. சாவியையும் கண்டறிகிறது. ஆனால் அழுத்தினால் ரேடியோ, மீட்டர் மட்டும் வருகிறது, செல்ஃப் எடுக்கவே இல்லை.

பெரும்பாலும் நீங்கள் பிரேக் மிதித்ததே காருக்குத் தெரியவில்லை. மிதித்துக்கொண்டு, பின்னால் பிரேக் விளக்கு எரிகிறதா என்று ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். எரியவில்லை என்றால் பெடலுக்கு மேலே இருக்கும் பிரேக் ஸ்விட்ச் அல்லது அதன் ஃபியூஸ். சின்ன சாமான்தான், ஆனால் பிரேக் விளக்கு இல்லாமல் ஓட்டுவது பின்னால் வருபவருக்கு ஆபத்து, தள்ளிப்போடாதீர்கள். மேனுவல் காரானால் கிளட்சை அடிவரை மிதிக்க வேண்டும், அங்கேயும் ஒரு ஸ்விட்ச் உண்டு.

ஆட்டோமேட்டிக்கில் கியரை ‘பி’-யிலிருந்து (பார்க்கிங்) ‘என்’-க்கு (நியூட்ரல்) மாற்றி முயலுங்கள். ‘என்’-இல் எடுத்தால் கியர் நிலையைச் சொல்லும் ஸ்விட்சில் கோளாறு. சக்கரம் திருப்பி நிறுத்தியிருந்தால் ஸ்டியரிங் பூட்டு இறுகியிருக்கலாம், ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் லேசாக ஆட்டிக்கொண்டே பட்டனை அழுத்துங்கள்.

கேள்வி: செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. சாவிப் பிரச்சினையா?

பெரும்பாலும் இல்லை. எரிபொருள், ஸ்பார்க், சென்சார் பக்கம் போங்கள். சாவிப் படமோ பூட்டுப் படமோ டேஷ்போர்டில் மினுக்கிக்கொண்டே இருந்தால் மட்டும், சரியான சாவி இல்லாமல் எஞ்சினை எடுக்கவிடாத இம்மொபிலைசரைச் சந்தேகப்படலாம்.

கேள்வி: சில நாள் எடுக்கிறது, சில நாள் எடுப்பதில்லை. சாவியை எப்போதும் போனோடு ஒரே பையில் வைக்கிறேன்.

அதுதான் காரணமாக இருக்கலாம். கார் முதலில் 125 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மெல்லிய அலையை அனுப்பி சாவியை எழுப்பும். சாவி 315 அல்லது 433 மெகாஹெர்ட்ஸில் பதில் சொல்லும். முதல் அலை மிகவும் பலவீனமானது. பக்கத்தில் ஒட்டியிருக்கும் போன், லேப்டாப், மலிவான யுஎஸ்பி சார்ஜர் எல்லாம் அதை அமுக்கிவிடும். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, சாவியைத் தனியாகப் பிடித்துப் பாருங்கள்.

கேள்வி: சாவியைக் காருக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டுகிறேன். செல் சீக்கிரம் தீர்கிறது.

கார் கூப்பிடும் தூரத்திலேயே சாவி இருப்பதால் இரண்டும் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கலாம். காரின் பேட்டரியும் சேர்ந்து இறங்கும். தள்ளி வையுங்கள். இன்னொன்றும் இருக்கிறது: சாவியின் அலையைக் கருவி வைத்து நீட்டித்துக் காரைத் திருடும் முறை உண்டு. நன்றாக மூடும் உலோகப் பெட்டியில் போட்டால் அலை வெளியே வருவது பெருமளவு தடைபடும். போட்டுவிட்டு, அப்படியே கார் அருகில் கொண்டுபோய்க் கதவு திறக்கிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சாவி வாஷிங் மெஷினில் போய்விட்டது ஐயா.

செல்லை உடனே கழற்றுங்கள். ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகையைத் துடைத்து, ஒரு நாளாவது காயவிடுங்கள். ஈரத்தோடு எத்தனை முறை அழுத்திப் பார்க்கிறீர்களோ, அவ்வளவுக்கு கெடும். பழைய செல்லைக் குழந்தைகள் கையில் படாமல் உடனே அப்புறப்படுத்துங்கள். விழுங்கிவிட்டால் 2 மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரித்துப் புண்ணாக்கும். சந்தேகம் வந்தாலே போதும், காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

கேள்வி: தள்ளி ஸ்டார்ட் செய்யலாமா?

ஆட்டோமேட்டிக்கில் முடியாது. மேனுவலிலும் பேட்டரி அடியோடு செத்திருந்தால் வேண்டாம். ஸ்டியரிங் பூட்டு விடுபடாமலே உருண்டால் திருப்ப முடியாது.

கேள்வி: ஹைப்ரிட் கார். காரை ஓட்டும் பெரிய பேட்டரியில் சார்ஜ் இருக்கிறது, ஆனால் காருக்கு உயிரே இல்லை.

அதிலும் தனியாக ஒரு 12 வோல்ட் பேட்டரி உண்டு. அது இறங்கினால் பெரிய பேட்டரியை இணைக்கும் ரிலே என்ற ஸ்விட்சே வேலை செய்யாது. மின்சார காருக்கும் இதே கதைதான். கையேட்டில் காட்டிய முனையில் மட்டும் ஜம்பர் கொடுங்கள், ஆரஞ்சு நிற வயரைத் தொடவே கூடாது.

கேள்வி: எஞ்சின் ஓடும்போது என் மனைவி சாவியோடு இறங்கிப் போய்விட்டார். கார் நிற்கவில்லையே?

நிற்காது, அது பாதுகாப்புக்காகத்தான். எச்சரிக்கை மட்டும் வரும். ஆனால் நீங்கள் அணைத்துவிட்டால் மறுபடி எடுக்காது. அவரைக் கூப்பிட்டுச் சாவியை வாங்கும்வரை அணைக்காதீர்கள், ஆனால் திறந்த வெளியில் மட்டும். மூடிய ஷெட்டில் ஓடவிட்டால் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும், அங்கே என்றால் உடனே அணைத்துவிடுங்கள்.

கேள்வி: ஸ்பேர் சாவி பல வருடமாக இழுப்பறையிலேயே கிடக்கிறது. அதுவும் கெட்டுப்போகுமா?

செல் தானாகவே இறங்கும். இன்று இரவே எடுத்து, அதை வைத்து ஒரு முறை காரை ஸ்டார்ட் செய்யுங்கள். எடுக்காவிட்டால் செல்லை மாற்றி மறுபடி பாருங்கள். ஒரு சாவியாவது கையில் இருக்கும்போது இன்னொன்றைச் சேர்ப்பது எளிது. இரண்டும் தொலைந்த பிறகு சேர்ப்பது நீண்ட வேலை, காரை இழுத்துக்கொண்டு போக வேண்டியும் வரலாம்.