மடக்குத் தொட்டிலில் பூட்டுதான் முக்கியம்: வாசகர் கேள்வி பதில்

மடக்கி எடுத்துப் போகிற தொட்டில் ஸ்டாண்டு பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றை இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். அளவு கேட்டவர்கள்தான் அதிகம். பூட்டைப் பற்றிக் கேட்டவர் ஒரே ஒருவர், அவருக்குத்தான் நீளமான பதில்.

சின்னதாக வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். தங்கைக்கு மாசியில் பிரசவம். எங்கள் வீட்டிலும் அவள் மாமியார் வீட்டிலும் கான்கிரீட் கூரை, தொட்டில் கொக்கி போடவே இல்லை. கார் டிக்கியில் வைத்து இங்கும் அங்கும் கொண்டு போகிற மாதிரி ஒரு ஸ்டாண்டு செய்ய என்ன பைப், என்ன அளவு ஐயா? (கரூர் வாசகர்)

பைப்பை அப்புறம் பார்ப்போம், முதலில் அளவு. கொக்கி தரையிலிருந்து 130 செ.மீ. உயரத்தில் இருந்தால் போதும். துணியின் அடி தரையிலிருந்து 40 செ.மீ.க்கு மேல் போக வேண்டாம். இரண்டு பக்கமும் கால்களை ஏணி விரித்த மாதிரி விரித்து வைப்பீர்கள் அல்லவா, அந்த விரிவு 90 செ.மீ.க்குக் குறையவே கூடாது. காரணம் இதுதான்: தொட்டில் ஒரு பக்கமாக ஆடி உச்சிக்குப் போகும்போது கயிறு எந்தச் சாய்வில் நிற்கிறதோ அதே சாய்வில்தான் கொக்கியை இழுக்கிறது. அந்தக் கயிற்றின் கோட்டை மனதுக்குள் தரை வரை நீட்டிப் பாருங்கள், அது கால்களுக்கு உள்ளே விழுந்தால் ஸ்டாண்டு கவிழாது, வெளியே விழுந்தால் ஸ்டாண்டின் சொந்த எடை மட்டும்தான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். 130 உயரத்துக்குப் பக்கத்துக்கு 45 வைத்தால் கயிறு 19 டிகிரி வரை சாயலாம் என்று கணக்கு வருகிறது, கயிறும் துணியும் சேர்ந்து 90 செ.மீ. தொங்கினால் நடுவிலிருந்து பக்கத்துக்கு ஓர் அடிக்குச் சற்றுக் குறைவாக ஆட்டலாம். தாலாட்டுக்கு அது தாராளம். வீட்டில் மூத்த பிள்ளை ஒன்று இருந்தால் விரிவை 110 ஆக்கிவிடுங்கள், அது மெதுவாக ஆட்டாது. மேல் கம்பியின் நீளமும் ஒரு மீட்டராவது இருக்கட்டும், ஏனென்றால் ஒற்றைக் கொக்கியில் தொங்குகிற தொட்டில் நீளவாக்கிலும் ஆடும்.

பைப் ஒரு இஞ்ச் உருண்டை போதும். பைப்பின் தகட்டுக் கனம் 16 கேஜ் என்றால் மீட்டருக்கு 940 கிராம் வரும், எல்லாம் சேர்த்து ஒன்பது மீட்டர் பிடித்தால் எட்டரை கிலோ. அதைவிட மெல்லிய 18 கேஜ் போட்டால் ஆறரை கிலோவுக்குள் முடியும், இந்த எடைக்குப் பலமும் போதும், ஆனால் ஆர்க் வெல்டிங்கில் ஓட்டை விழுந்துவிடும், மிக் வெல்டிங் மிஷின் இருந்தால் 18க்குப் போங்கள்.

டிக்கி என்று சொன்னீர்களே, அங்கேதான் வேலை இருக்கிறது. இந்த அளவில் ஒரு கால் 138 செ.மீ. நீளம் வரும், டிக்கியில் படுக்காது. நடுவில் வெட்டி, ஒன்றுக்குள் ஒன்று நுழைகிற மாதிரி ஸ்லீவ் போட்டாக வேண்டும். மேல் துண்டின் முனை கீழ்த் துண்டுக்குள் 10 செ.மீ.யாவது இறங்கி, உள்ளே ஒரு தடையில் போய் உட்கார வேண்டும். அப்படிச் செய்தால் எடை ஏற ஏற இணைப்பு இன்னும் இறுகும், பட்டன் லாக் (பைப்பின் துளை வழியே வெளியே வந்து நிற்கிற ஸ்பிரிங் பட்டன்) வெறுமனே மேலே உருவாமல் பார்த்துக்கொள்ளும், எடையைத் தாங்காது. பட்டனே எடையைத் தாங்குகிற மாதிரி செய்துவிடாதீர்கள். சாதாரணப் பைப்பின் உள்ளே வெல்டிங் வரி ஒன்று ஓடும், அதை அரத்தால் நன்றாகத் தேய்த்துவிட்டால்தான் உள்பைப் ஆட்டமில்லாமல் இறங்கும். ஆட்டத்தோடு விட்டால் மாதங்கள் போகப் போகத் துளை நீள்வட்டமாகிவிடும். டைல்ஸ் தரையில் கால் விரிந்துகொண்டே போகும், அதனால் இரு பக்கமும் கீழே குறுக்குப் பட்டை கட்டாயம், பாதத்தில் ரப்பர் புஷ்ஷும் கட்டாயம்.

ஆன்லைனில் வாங்கிய மடக்குத் தொட்டில் ஸ்டாண்டில் நான்கு பட்டன்களில் ஒன்று சில சமயம் துளைக்கு வெளியே வராமல் நின்றுவிடுகிறது. ஆனாலும் ஸ்டாண்டு ஆடாமல் நிற்கிறது. பயன்படுத்தலாமா? (திருநெல்வேலி வாசகி)

வேண்டாம் அம்மா. அந்தப் பட்டனை மாற்றும் வரைக்கும் குழந்தையைப் பாயில் படுக்க வையுங்கள்.

"ஆனாலும் நிற்கிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, மடக்குச் சட்டத்தில் எனக்குப் பயம் அதில்தான். அமெரிக்காவில் பிளேஸ்கூல் பெயரில் டிராவல் லைட் என்று ஒரு பயணத் தொட்டில் விற்றார்கள். அதன் மேல் கம்பிகள் இரண்டுக்கும் நடுவில் கீல், முனையில் இருக்கும் குமிழைத் திருப்பினால் பூட்டு. பூட்டு சரியாக விழாவிட்டாலும் தொட்டில் நிமிர்ந்தே நிற்கும், பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. குழந்தை எழுந்து கம்பியைப் பிடித்ததும் கீல் கீழே இறங்கி இரண்டு கம்பிகளும் கத்தரிக்கோல் மாதிரி குழந்தையின் கழுத்தைப் பிடித்துவிடும். 1993இலேயே அந்தத் தொட்டிலைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். ஆனால் அறிவிப்பு வீடுகளுக்குப் போய்ச் சேரவில்லை. 1998 மே மாதம் சிகாகோவில், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு வீட்டில், டேனி கெய்சர் என்ற குழந்தை அதே தொட்டிலில் இறந்தது. அதே மாதிரி தொட்டிலில் அதற்கு முன்பும் குழந்தைகள் இறந்திருந்தார்கள். டேனியின் பெற்றோர் அந்த ஆண்டே கிட்ஸ் இன் டேஞ்சர் என்ற அமைப்பைத் தொடங்கிப் போராடினார்கள். பத்து ஆண்டு கழித்து, 2008இல் வந்த பாதுகாப்புச் சட்டத்தின் ஒரு பகுதிக்கு டேனி சட்டம் என்றே பெயர். தொட்டில் போன்ற பொருள்களுக்குக் கட்டாயத் தரம் வந்ததும், வாங்கியவர் விவரத்தைப் பதிவு செய்யப் பொருளோடு அட்டை வைக்க வேண்டும் என்று வந்ததும் அதனால்தான்.

இதைப் படிக்கும் பட்டறைக்காரர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். பூட்டு விழவில்லை என்றால் ஸ்டாண்டு நிற்கவே கூடாது. கையை எடுத்ததும் சரிந்துவிட வேண்டும், குழந்தையை வைப்பதற்கு முன்பே. உள்ளே ஒரு ஸ்பிரிங் வைத்துப் பூட்டாத கீலைத் தள்ளிவிடச் செய்யலாம், அல்லது பூட்டாதபோது காலின் சாய்வே தாங்காத மாதிரி கீலின் இடத்தை வைக்கலாம். எந்த வழியானாலும் சரி. பிரிக்கும்போதும் ஒரே அழுத்தலில் மடங்கக் கூடாது, பட்டனை அமுக்கிக்கொண்டு இன்னொரு கையால் தூக்கினால்தான் கழற்ற வர வேண்டும்.

உங்கள் ஸ்டாண்டில் அந்தப் பட்டனுக்குப் பின்னால் இருக்கும் தகட்டு ஸ்பிரிங் துருப்பிடித்திருக்கும், அல்லது துளையில் பெயின்ட் அடைத்திருக்கும். விற்றவரிடம் கேளுங்கள், தரவில்லை என்றால் வாக்கர், ஊன்றுகோல் விற்கிற மெடிக்கல் கடையில் இதே மாதிரி பட்டன் கிடைக்கிறதா என்று பாருங்கள். மாற்றிய பிறகு தினமும் நான்கு பட்டனும் "டிக்" என்று வெளியே வந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் குழந்தையை வைக்க வேண்டும். கண்ணால் பார்த்தால் போதாது.

துணித் தூளி நல்லதா, தட்டையான தொட்டில் நல்லதா? தூளியில் போட்டால்தான் என் பேரன் தூங்குகிறான். ஸ்பிரிங் வைக்கலாமா? (மன்னார்குடி வாசகி)

தூளியை நான் குறை சொல்ல மாட்டேன், நம் வீடுகளில் எத்தனையோ தலைமுறை அதில்தான் தூங்கியிருக்கிறது. ஆனால் பச்சைக் குழந்தைக்குக் கழுத்து நிற்காது. முதுகு வளைந்து தலை முன்னால் கவிழ்ந்து தாடை நெஞ்சில் முட்டினால் மூச்சுக்குழாய் மடங்கிவிடும், அதை நிமிர்த்திக்கொள்ளப் பிள்ளைக்குத் தெரியாது. 10 டிகிரிக்கு மேல் சாய்ந்த தூங்கும் படுக்கைகளை 2022இல் அமெரிக்காவில் தடை செய்ததும் இந்தக் காரணத்துக்காகத்தான். அதனால் பகலில் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து முகத்தைப் பார்த்துக்கொண்டே ஆட்டும்போது தூளி, ஆழ்ந்து தூங்கியதும் தட்டையான இடத்துக்கு மாற்றி மல்லாக்கப் படுக்க வையுங்கள். இரவு முழுக்கத் தூளி வேண்டாம். அப்புறம், குப்புற விழ ஆரம்பித்த நாளிலிருந்து தொங்குகிற தொட்டில் எதுவுமே வேண்டாம், புரளும்போது எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாது.

ஸ்பிரிங் வைப்பதானால் அதற்குள்ளே ஒரு உறுதியான நைலான் கயிற்றைத் தொய்வாக விட்டு மேல் கொக்கியிலும் கீழ் வளையத்திலும் தனியாகக் கட்டுங்கள். ஸ்பிரிங் பெரும்பாலும் கொக்கி வளைகிற இடத்தில்தான் உடையும், உடைந்தால் கயிறு பிடித்துக்கொள்ளும்.

வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த மடக்குத் தொட்டிலின் மெத்தை அட்டை மாதிரி இருக்கிறது. மேலே இலவம்பஞ்சு மெத்தை போடலாமா? (ஈரோடு வாசகர்)

போடக் கூடாது. நம் கைக்கு அட்டை மாதிரி தெரிகிற மெத்தைதான் குழந்தைக்குச் சரி. வலைத்துணிப் பக்கம் வெளியே பிதுங்கும், மேலே போட்ட மெத்தைக்கும் வலைக்கும் நடுவில் பள்ளம் விழும், முகம் அதில் போய் மாட்டிக்கொள்ளும். தலையணையும் வேண்டாம், ஓரத்தில் வைக்கிற உருண்டைத் திண்டும் வேண்டாம். வேர்வைக்கு மெல்லிய பருத்தித் துணி ஒன்றை இழுத்து இறுக்கி விரியுங்கள்.

இந்த வகைத் தொட்டிலை விரிக்கும்போது முதலில் மேல் கம்பி நான்கையும் இழுத்துப் பூட்ட வேண்டும், பிறகுதான் நடு அடியைக் கீழே அமுக்க வேண்டும். மடிக்கும்போது நடு அடியை முதலில் தூக்கினால்தான் மேல் கம்பி விடும். குழந்தையின் எடை நடு அடியைக் கீழேயே அமுக்கிவைத்திருப்பதால் உள்ளே குழந்தை இருக்கும்போது அது மடங்காது. நல்ல யோசனை அது, கரூர்க்காரர் கவனிக்க.

மரச்சட்டத் தொட்டிலில் ஒரு பக்கம் கீழே இறங்குகிற மாதிரி செய்து தரச் சொல்கிறார்கள். செய்யலாமா? (செங்கோட்டை தச்சர்)

வேண்டாம். இறங்கும் பக்கத்தின் பூட்டு தேய்ந்து, சட்டம் ஒரு மூலையில் மட்டும் விலகி, அந்தச் சந்தில் குழந்தைகள் மாட்டி இறந்த பிறகு 2011 ஜூனிலிருந்து அமெரிக்காவில் அந்த வகையை விற்கவே தடை. நான்கு பக்கமும் அசையாமல் செய்யுங்கள், தூக்குவதற்குக் குனிய வேண்டியிருந்தால் படுக்கை மட்டத்தை இரண்டு உயரத்தில் மாற்றி வைக்க வழி செய்யுங்கள். குச்சிகளுக்கு நடுவில் 60 மி.மீ.க்கு மேல் இடைவெளி கூடாது, அதற்கு மேல் போனால் உடம்பு நுழைந்து தலை மாட்டும்.

என்ன பெயின்ட் அடிப்பது? (பெயர் வேண்டாம் என்ற வாசகர்)

ஈயம் 90 பி.பி.எம்.க்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்று வீட்டு உபயோகப் பெயின்ட்டுக்கு 2017 நவம்பரிலிருந்து நம் நாட்டில் விதி இருக்கிறது, டப்பாவில் எழுதியிருக்கும், பார்த்து வாங்குங்கள். பட்டறையில் கிடக்கிற பழைய டப்பாவைத் தொடாதீர்கள். பல் முளைக்கிற பிள்ளை கம்பியைக் கடிக்கும். முடிந்தால் பவுடர் கோட்டிங் கொடுத்துவிடுங்கள்.

ரயிலில் குழந்தைக்குத் தனிப் படுக்கை உண்டா? (விருதுநகர் வாசகி)

2022இல் அன்னையர் தினத்தை ஒட்டி லக்னோ மெயிலில் சோதனையாக வைத்தார்கள். கீழ்ப் படுக்கையின் ஓரத்தில் கீல் போட்டு மடக்கும் பலகை, 770 மி.மீ. நீளம், 255 மி.மீ. அகலம், கீழே விழாமல் தடுப்பு. வேண்டாதபோது கீழே மடக்கிவிடலாம். நீங்கள் அதை நம்பிப் பயணத்தைத் திட்டமிட வேண்டாம், கீழ்ப் படுக்கையாகப் பார்த்துப் பதிவு செய்து, குழந்தையைச் சுவர்ப் பக்கம் படுக்க வையுங்கள்.

பொறியியல் இறுதியாண்டு மாணவர்கள் நாங்கள். புராஜெக்ட்டாக மடக்குத் தொட்டில் செய்கிறோம். எடையைக் குறைக்க அலுமினியமா, பி.வி.சி.யா? எப்படிச் சோதிப்பது? (கோவை மாணவர்கள்)

பி.வி.சி. வேண்டாம், நாள்பட்ட எடையில் மெல்ல வளையும், வெயில் பட்டால் நொறுங்கும். அலுமினியம் இரும்பில் மூன்றில் ஒரு பங்கு எடை, ஆனால் விறைப்பும் மூன்றில் ஒரு பங்குதான், அதனால் அதே பைப்பை மாற்றிப் போடாமல் விட்டத்தைக் கூட்டுங்கள். கீல் மட்டும் ஸ்டீலிலேயே இருக்கட்டும். மடங்குகிற இடத்தில் வரும் சந்துகளை 5 மி.மீ.க்குக் குறைவாகவோ 12 மி.மீ.க்கு மேலாகவோ வையுங்கள், நடுவில் இருக்கிற அளவில்தான் குட்டி விரல் நுழைந்து திரும்ப வராது.

ஒரு வயதுப் பிள்ளை சுமார் ஒன்பது, பத்து கிலோ. துள்ளும்போதும் திடீரென்று போடும்போதும் இரட்டிப்பு எடை வரும். அதனால் 26 கிலோ அரிசிச் சிப்பத்தைத் தொட்டிலில் போட்டு ஒரு நாள் முழுக்க ஆட்டுங்கள், இறக்கிவிட்டு ஒவ்வொரு வெல்டிங்கையும் கீலையும் வெளிச்சத்தில் பாருங்கள். பூட்டைச் சில ஆயிரம் முறை திறந்து மூடுங்கள், நண்பர்கள் முறை போட்டுச் செய்தால் முடிந்துவிடும். கடைசியாக, உங்கள் வரைபடத்தையே பார்த்திராத ஒரு பாட்டியிடம் மடக்கிய சட்டத்தைக் கொடுத்து, எதுவும் சொல்லித் தராமல், விளக்கை அணைத்துவிட்டு விரிக்கச் சொல்லுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அழுகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அதை விரிக்கப் போகிறவர் அவர்தான். ஒரு பூட்டு விழாமலே அவர் "சரியா நிக்குது" என்று சொல்லிவிட்டால், பாட்டியைத் திருத்த வேண்டாம், கீலை மாற்றி வரையுங்கள்.