ஏழு சம்பள உறைகளும் ஒரு டிக்கெட் புத்தகமும்

கேள்வி: எனக்கு வயது 48. ஈரோடு பக்கம் ஒரு சிற்றூரில் அப்பா தொடங்கிய ஜவுளிக்கடையை நடத்தி வருகிறேன். கடந்த ஜூலை முதல் எங்கள் ஊர்ச் சேவைச் சங்கத்துக்கு நான்தான் தலைவர். பட்டியலில் 46 உறுப்பினர்கள் இருந்தும் கூட்டத்துக்கு 13 பேர் வந்தால் அதிகம். அரசுப் பள்ளிக்கு மேசை, பெஞ்சு வாங்கிக் கொடுப்பதற்காக மெல்லிசை நிகழ்ச்சி வைத்தோம். ஆளுக்குப் பத்து டிக்கெட் என்று கொடுத்த புத்தகத்தைப் பாதிப்பேர் கிழிக்காமலேயே திருப்பிவிட்டார்கள். தலைவர் என்பதால் நான் இருபது எடுத்தேன். ஆறு வீட்டுக்கு, மீதியைக் கடைப் பிள்ளைகள் ஏழு பேருக்கும் ஆளுக்கு இரண்டாகக் கொடுத்து, டிக்கெட் ஒன்றுக்கு 500 ரூபாய் வீதம் சம்பளத்தில் பிடித்துக்கொண்டேன், அவர்களும் ஒன்றும் சொல்லவில்லை. மனைவிதான் முணுமுணுத்தாள், அவளுக்குச் சங்க விஷயம் புரியாது. நிகழ்ச்சி நடந்த ஞாயிறு முகூர்த்த சீசன், கடையில் கூட்டம். மைத்துனரைக் கல்லாவில் உட்கார வைத்துவிட்டு ஓடினேன். இவ்வளவு பாடுபட்டும் ஒத்துழைப்பு இல்லை. உறுப்பினர்களை வரவழைப்பது எப்படி? மறுபடியும் மெல்லிசை வைக்கலாமா?
— பெயர் வேண்டாம்

பதில்: உங்கள் சங்கம் சக்கரமா, சிங்கமா, அதாவது ரோட்டரியா, லயன்ஸா என்பதை நான் வெளியிடவில்லை. எதுவாக இருந்தாலும் இந்தக் கடிதம் ஆண்டுக்கு நாலைந்து முறை எனக்கு வந்துவிடுகிறது: கூட்டத்துக்கு ஆள் வருவதில்லை, சந்தா வருவதில்லை, பதவியேற்பு விழாவுக்கு மட்டும் குடும்பத்தோடு வந்து சாப்பிட்டுப் போகிறார்கள். இதற்கெல்லாம் அனுதாபம் சொல்லி இடத்தை வீணாக்க எனக்கு விருப்பமில்லை. போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்டுப் போன ஒரு வரியைப் பற்றித்தான் பேசப்போகிறேன்: “சம்பளத்தில் பிடித்துக்கொண்டேன், அவர்களும் ஒன்றும் சொல்லவில்லை.”

அவர்கள் என்ன சொல்லியிருக்க முடியும்? கல்லாவுக்கு முன்னால் நின்று, “எனக்கு டிக்கெட் வேண்டாம், முதலாளி” என்று சொல்லிவிட்டு, மறுநாள் காலையில் அதே கடைக்கு வேலைக்கு வரக்கூடிய நிலையில் அந்த ஏழு பேரில் யாராவது இருக்கிறார்களா? அவர்களுக்கு என்ன சம்பளம் என்று நீங்கள் எழுதவில்லை. சிற்றூர் ஜவுளிக்கடையில் நாளெல்லாம் நின்றபடி புடவையை விரித்துக் காட்டி மடித்து வைக்கிற ஒரு பெண்ணுக்கு மாதம் பத்தாயிரம், பன்னிரண்டாயிரம் என்றே வைத்துக்கொள்வோம். 1,000 ரூபாய் என்பது அவளுக்கு ஏறக்குறைய மூன்று நாள் கூலி. இனி உங்கள் கணக்குக்கு வருகிறேன். இருபது டிக்கெட்டுக்கு 10,000 ரூபாய் திரட்டியதாகச் சங்கக் குறிப்பேட்டில் உங்கள் பெயருக்கு நேராக எழுதியிருப்பார்கள். அதில் உங்கள் பணம் 3,000 ரூபாய்தான். மீதி 7,000 ரூபாயைக் கொடுத்தவர்கள் அந்த ஏழு பேர். உங்கள் பங்கைவிட இரண்டு மடங்குக்கும் மேலாகக் கொடுத்தவர்களுடைய பெயர் அந்தக் குறிப்பேட்டில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது? அவர்களுடைய குழந்தைகள் எந்தப் பள்ளியில் படிக்கிறார்கள் என்றாவது விசாரித்தீர்களா? பெரும்பாலும் நீங்கள் பெஞ்சு கொடுத்த பள்ளி மாதிரியான ஒரு பள்ளியில்தான் இருப்பார்கள்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. நிகழ்ச்சி நடந்த ஞாயிறன்று கடை திறந்திருந்தது, கூட்டமும் இருந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால், டிக்கெட் வாங்கிய ஏழு பேரும் அந்த நேரத்தில் உங்கள் கடையில்தான் நின்றுகொண்டிருந்தார்கள். பாட்டுக் கேட்கக்கூடப் போக முடியாத ஒருவரிடம் அதற்கு இரண்டு டிக்கெட் விற்றிருக்கிறீர்கள்.

என் தந்தை ஒரு மண்டியில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். ஊர்க் கோயில் கும்பாபிஷேகத்துக்கு முதலாளி ஒரு பெருந்தொகையை ஏற்றுக்கொண்டு வந்து, அதில் ஒரு பகுதியைச் சிப்பந்திகளின் சம்பளத்தில் பிடித்தார். அந்த மாதத்து உறையின் மேல் பென்சிலால் ‘கும்பா. 15’ என்று எழுதி, அடியில் ஒரு கோடு போட்டிருந்தது. அம்மா நோட்டுகளை இரண்டு முறை எண்ணினாள், உறையைத் திருப்பிப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் மறுநாள் பால்காரரிடம் அளவைக் குறைக்கச் சொன்னாள். அந்தப் பென்சில் எழுத்து அப்பாவுடையது. எல்லாச் சிப்பந்திகளின் உறையிலும் அவர்தான் எழுதினார். தம் உறையிலும் எழுதிக்கொண்டார். அவரும் ஒன்றும் சொல்லவில்லை. கோயிலில் முதலாளியின் பெயர் வெட்டிய கல் பதித்திருந்த பக்கமாக மட்டும் அவர் பிரதட்சிணத்தில் நின்று நான் பார்த்ததில்லை.

சம்பளத்தில் எதைப் பிடிக்கலாம், எதைப் பிடிக்கக் கூடாது என்பதற்கு 1936-ஆம் ஆண்டிலேயே இந்த நாட்டில் சட்டம் வந்துவிட்டது. கடைகளுக்கென்று 1947-இல் சென்னை மாகாணம் தனியாகவும் ஒரு சட்டம் போட்டது. முதலாளி தலைவராக இருக்கிற சங்கத்தின் இசை நிகழ்ச்சி என்று ஓர் இனத்தை அவற்றில் எழுதி வைக்க யாருக்கும் தோன்றவில்லை. ஆனால் சட்டத்தைக் காட்டி மிரட்ட நான் வரவில்லை. ‘கடைப் பிள்ளைகள்’ என்று நீங்கள் எழுதிய சொல்லே எனக்குப் போதும். பிள்ளை என்று அழைத்துவிட்டால், அந்த வீட்டு நல்லது கெட்டதில் நிற்கிற கடமையும் கூடவே வந்துவிடுகிறது என்று நம்புகிறவள் நான். பிள்ளையின் பணத்தை எடுத்துத் தன் பெயரில் தானம் செய்கிறவரை எந்த ஊரிலும் தகப்பன் என்று சொல்லமாட்டார்கள்.

ரோட்டரிக் கூட்டங்களில் நான்கு கேள்விகளை வாசிக்கும் வழக்கம் உண்டு. இது உண்மையா, சம்பந்தப்பட்ட அனைவருக்கும் நியாயமா, நல்லெண்ணத்தையும் நட்பையும் வளர்க்குமா, அனைவருக்கும் நன்மை தருமா என்ற அந்த நான்கையும் 1932-இல் எழுதிய ஹெர்பர்ட் டெய்லர், அவற்றைச் சங்க மேடைக்காக எழுதவில்லை. திவாலாகும் நிலையில் இருந்த ஓர் அலுமினியப் பாத்திர நிறுவனத்தை நிமிர்த்தும் பொறுப்பு அவர் கைக்கு வந்தபோது, அதன் அன்றாட வியாபாரத்துக்காகவும் அங்கே வேலை பார்ப்பவர்களுக்காகவும் எழுதி, முதலில் தம்மையே அதற்கு உட்படுத்திப் பார்த்தார். ரோட்டரி அதை ஏற்றுக்கொண்டது 1943-இல்தான். கல்லாவில் பிறந்தது பிறகு மேடை ஏறியது. நீங்களோ அதை மேடையிலேயே விட்டுவிட்டுக் கடைக்குத் திரும்பிவிடுகிறீர்கள். சிங்கமாக இருந்தாலும் தப்ப முடியாது. சேவையின் பெயரால் பொதுமக்களிடம் திரட்டிய பணம் ஒரு கணக்கு, உறுப்பினர் சந்தாவில் நடக்கும் நிர்வாகம் இன்னொரு கணக்கு, முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குக் கைவைக்கக் கூடாது என்பது லயன்ஸ் சங்கங்களின் அடிப்படை விதி. மெல்லிசை மேடையில் போர்த்திய சால்வைகளும், அன்றிரவு விருந்தினர் சாப்பாடும் எந்தக் கணக்கில் எழுதப்பட்டன என்பதை நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டாம். பொருளாளரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டால் போதும்.

உறுப்பினர்கள் ஏன் வருவதில்லை என்ற உங்கள் கேள்விக்கு விடையும் அந்த ஒரு வரிக்குள்ளேயே இருக்கிறது. கூட்டத்துக்கு வந்தால் கையில் டிக்கெட் புத்தகம் திணிக்கப்படும் என்று அவர்களுக்குத் தெரியும். மறுக்கிற வசதி இருப்பதால் மறுக்கிறார்கள், அதற்கும் கூச்சப்படுகிறவர்கள் வராமலேயே இருந்துவிடுகிறார்கள். உங்கள் ஊழியர்களுக்கு அந்த வசதி இல்லை, கொடுத்தார்கள். வராத 33 பேரைக் குறை சொல்வதற்கு முன், அவர்களும் அந்த ஏழு பேரும் ஒரே புத்தகத்தைப் பார்த்துத்தான் பயந்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் கூட்டிய முதல் ரோட்டரிக் கூட்டத்தில் இருந்தவர்கள் நான்கே பேர். அவரைத் தவிர ஒரு நிலக்கரி வியாபாரி, ஒரு சுரங்கப் பொறியாளர், ஒரு தையற்காரர். ஒருமுறை ஒருவர் அலுவலகம், அடுத்த முறை மற்றவர் அலுவலகம் என்று சுழற்சியாகக் கூடியதால்தான் அந்தப் பெயரே வந்தது. அவர்கள் தொடக்கத்தில் கையில் எடுத்த பொதுப்பணியும் அந்த நகரத்துக்குப் பொதுக் கழிப்பறை வேண்டும் என்று வலியுறுத்தியதுதான். உங்களிடம் பதின்மூன்று பேர் இருக்கிறார்கள். அவர்களை வைத்துக்கொண்டு அந்தப் பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்றாவது போய்ப் பாருங்கள்.

மனைவிக்குச் சங்க விஷயம் புரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். புரியாத ஆள் நீங்கள்தான். அந்த ஏழு உறைகளும் எடை குறைந்து போவது உங்கள் வீட்டில் அவர் ஒருவர் கண்ணில் மட்டுமே பட்டிருக்கிறது. முணுமுணுத்தார் என்கிறீர்கள், உரக்கச் சொல்கிற இடத்தை அவருக்கு நீங்கள் கொடுத்திருந்தால் எனக்குக் கடிதம் எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

வரும் சம்பள நாளன்று ஏழு பேருக்கும் தலா 1,000 ரூபாயைத் தனி உறையில் போட்டு, உங்கள் கையால் கொடுங்கள். சங்கப் பணத்திலிருந்து எடுக்காதீர்கள். தீபாவளி போனஸோடு சேர்த்துக் கொடுத்து அதையும் ஒரு தயவாக மாற்றிவிடாதீர்கள். புகைப்படம் எடுக்காதீர்கள். “நான் பிடித்தது தப்பு” என்ற மூன்று சொற்களைத் தவிர வேறு எதுவும் பேசாதீர்கள்; “பள்ளிக்கூடத்துக்காகத்தானே” என்று தொடங்கினீர்களானால் கொடுத்ததும் கெட்டுப்போகும். அதன்பின் நடக்கும் முதல் கூட்டத்தை மண்டபத்தில் வைக்காமல் யாராவது ஓர் உறுப்பினரின் கடையிலோ பட்டறையிலோ வையுங்கள், டீயும் போண்டாவும் போதும். மெல்லிசையில் வந்தது எவ்வளவு, செலவு எவ்வளவு, பெஞ்சுக்குப் போனது எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி அங்கே அனைவர் கையிலும் கொடுங்கள். டிக்கெட் புத்தகம் அன்று உங்கள் பையில்கூட இருக்கக் கூடாது.

மறுபடியும் மெல்லிசை வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். முகூர்த்த சீசன் ஞாயிற்றுக்கிழமையில் கடையைப் பூட்டிவிட்டு, ஏழு பேரையும் அவரவர் வீட்டாரோடு முன்வரிசையில் இலவசமாக உட்கார வைக்க உங்களால் முடியுமானால் வையுங்கள்.